காப்புக் கட்டிய தலையில் மஞ்சள் முடி

வாக்குமூலம் கொடுப்பவர்: சங்கரம்மாள், வயது 43, கணவர் பெயர் துரைப்பாண்டி, வேப்பங்கரிசல் கிராமம், மேலநீலிதநல்லூர் வழி, சங்கரன்கோவில் வட்டம். தொழில்: பிச்சிப்பூத் தோட்டம், பூ வியாபாரம். எழுதிக்கொள்பவர்: பெண் தலைமைக் காவலர் அப்ரீன் பானு.

நான் மேலே சொன்ன முகவரியில் கணவருடனும் ஒரே மகனுடனும் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுதுவதை நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னை இங்கே யாரும் கூட்டி வரவில்லை, இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்கிறோம் என்றுதான் காவல் நிலையத்தில் சொன்னார்களாம். அம்மன் கொடைத் திருவிழா முடியும்வரை ஊருக்குள் போலீஸ் வரக்கூடாது என்று எங்கள் கோயில் தர்மகர்த்தா வீரபாண்டி கேட்டுக்கொண்டதாக அறிந்து, நானே இன்று காலை பஸ் ஏறி வந்தேன்.

என் மகன் மகாராஜா, வயது 24, கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். திருவேங்கடம் சாலையில் பியூட்டி பார்லர் நடத்தும் சுகிர்தா என்பவர் எனக்கு டீயில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, நினைவில்லாத நேரத்தில் என் தலைமுடியை மஞ்சளாக்கிவிட்டார் என்றும், கிறிஸ்தவ வேதத்தைச் சேர்ந்தவர் என்பதால் எங்கள் அம்மன் கொடையைக் கெடுக்கவே அப்படிச் செய்தார் என்றும் அதில் இருக்கிறது. அது முழுப் பொய். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுகிறேன்.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பிச்சித் தோட்டம் உண்டு. விடியும் முன்பே பூப்பறித்து முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வருவேன். முகூர்த்த நாட்களில் மணப்பெண் சடைக்குச் சுகிர்தா என்னிடம்தான் மொட்டு வாங்குவாள். என்னைவிட இளையவள் என்பதால் அவள் இவள் என்று சொல்லுகிறேன், அப்படியே எழுதலாம். அவள் சடை தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுகளைக் கோத்துக் கொடுப்பேன். பழக்கம் அப்படி ஏற்பட்டதுதான், வேறு சொந்தமோ கொடுக்கல் வாங்கலோ கிடையாது.

அவளுடைய பார்லர் சுவரில் ஓர் அட்டை தொங்கும். அதில் விரல் நீளத்துக்கு முடிக்கற்றைகள், கறுப்பிலிருந்து வெள்ளை வரை வரிசையாக ஒட்டியிருக்கும். சாயம் போட வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து நிறம் சொல்வார்கள். நான் போகும்போதெல்லாம் கடைசி வரிசையில் ஒரு மஞ்சள் கற்றையைத் தொட்டுப் பார்ப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று காவலர் கேட்டார். பிடித்தது, அவ்வளவுதான் என்றேன். அது பதில் ஆகாது என்றால் வேறு பதில் என்னிடம் இல்லை.

ஆனாலும் ஆசை வந்த இடம் இருக்கிறது. மூன்று கொடைக்கு முன்னால் என் மகன் மகாராஜா முன்முடிக்கு மஞ்சள் அடித்துக்கொண்டு வந்து நின்றான். வீரபாண்டியின் பேரனும் அதேபோல் அடித்திருந்தான். இரண்டு பேரும் அந்த முடியோடுதான் தீச்சட்டி எடுத்தார்கள். ஊர் சிரித்தது. அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, அந்த வருஷம் மழையும் நன்றாகத்தான் பெய்தது. பையன்கள் தலையில் பார்த்தபோதே இது நமக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

என் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும், மை மாதிரிக் கறுப்பு. அதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் பூ வைக்கிற சாக்கில் சடையைப் பிடித்து இழுத்தார், சவுரி வைத்துக் கட்டியிருக்கிறோமோ என்று. கல்யாணத்துக்குப் பிறகு குழம்பில் ஒரு முடி கிடந்தால் அதற்கு ஒரு வசவு, தலை விரித்து உலர்த்தினால் அதற்கு ஒரு வசவு. இந்த முடியை என்ன செய்ய உனக்கு இஷ்டம் என்று இத்தனை வருஷத்தில் கேட்டவள் சுகிர்தா ஒருத்திதான். அதுவும் உடனே கேட்கவில்லை. நான் முதலில் சொன்னபோது மறுத்துவிட்டாள்.

“யக்கா, கறுப்பு முடிய வெளுக்கது லேசு கிடையாது. ஒங்க ஊர்ல என்னையத் தெருவுல நடக்க விடமாட்டாவ” என்றாள்.

“ஒன்னைய எதுக்குட்டி பிடிக்கப் போறாவ? தலை எனக்குல்லா இருக்கு” என்றேன்.

அடுத்த முறை கேட்டபோதும் மறுத்தாள். அதற்கடுத்த முறை, காதுக்குப் பின்னால் தெரியாத இடத்தில் ஒரு கற்றையை எடுத்து மருந்து தடவிப் பார்த்தாள். புண்ணாகிறதா, அரிக்கிறதா என்று ஒரு வாரம் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் சம்மதித்தாள். எனக்கு மயக்க மருந்து கொடுத்து ஏமாற்ற நினைத்தவள் இத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இந்த வருஷம் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்க்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஊருக்கு எல்லாம் சேர்த்து ஒரு பெண் காப்புக் கட்டிக்கொள்வாள். வெளிச்சம் படாத அறையில் சட்டிகளில் விதை தூவி, கொடை நாள்வரை தண்ணீர் தெளித்து வளர்ப்பாள். கொடையன்று முதல் சட்டியை அவள்தான் தலையில் தூக்குவாள், மற்றப் பெண்கள் பின்னால் வருவார்கள். காப்புக் கட்டியவள் முடியைத் தொடக்கூடாது, எண்ணெய் வைக்கக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கொடை முடியும்வரை ஊர் ஆண்களும் முடி வெட்டவோ சவரம் செய்யவோ கூடாது. அதனால் காப்புக்கு முந்திய நாள் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் சலூனில்தான் கிடப்பார்கள். ஒருவன் தாடியை எடுப்பான், ஒருவன் மீசையை ஒதுக்குவான், ஒருவன் டை அடிப்பான். சென்ற திங்கட்கிழமை அவர்கள் அவர்களுடைய சலூனுக்குப் போனார்கள். நான் என்னுடைய சலூனுக்குப் போனேன்.

அன்று காலை பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டுச் சுகிர்தாவின் பார்லருக்குப் போனேன். போகிற வழியில் டீக்கடையில் இரண்டு டீ வாங்கித் தூக்குவாளியில் கொண்டு போனேன். வாங்கியது நான், ஊற்றியது நான், ஒன்றை நான் குடித்தேன், மற்றதை அவள் குடித்தாள். அதில் மருந்து இருந்திருந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுந்திருப்போம்.

அதன் பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, முடியின் நுனியில் ஒரு சாண் வெட்டினாள், நுனி மருந்தைத் தாங்காது என்று சொன்னாள். அதன் பிறகு நீல நிறப் பொடியைக் க்ரீமோடு குழைத்து, முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, தூரிகையால் தடவி, அலுமினியத் தாளில் மடித்து வைத்தாள். தலை முழுவதும் தாளாக இருந்தது. மண்டை சூடாக இருந்தது, கண்ணில் நீர் வந்தது, அது மருந்தின் நெடி. நடுவில், போதும் என்று எழுந்துகொள்கிறீர்களா என்று அவளே கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். முதலில் முடி செங்கல் நிறத்துக்கு வந்தது. கழுவிவிட்டுத் தலையை ஆறவிட்டாள். இத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த மாதம் மீதியைச் செய்வோம் என்றாள். நாளைக்குக் காப்பு, இன்றைக்கு முடியாவிட்டால் செங்கல் தலையோடு கொடை கழிக்க முடியாது, முழுசாகச் செய் என்று சொன்னவள் நான். அதன் பிறகு இரண்டாவது தடவை மருந்து வைத்தாள். கடைசியாக ஊதா நிறத்தில் ஏதோ ஒன்றைத் தடவிக் கழுவினாள். வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். என் முகம்தான், என் மூக்குத்திதான், முடி மட்டும் மஞ்சள். சுகிர்தா பின்னால் பயந்துபோய் நின்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை எழுதுங்கள் என்றேன். வாக்குமூலத்தில் சந்தோஷம் எதற்கு என்று காவலர் கேட்டார். புகாரில் மனவேதனை அடைந்தோம் என்று எழுதியிருக்கிறதே, அதற்கு இடம் இருந்தால் இதற்கும் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்து, வீட்டில்தான் முந்தானையை எடுத்தேன். என் கணவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னட்டி இது, வைக்கப்படப்பத் தலையில ஏத்திட்டு வந்திருக்க?” என்றார்.

“நல்லாருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க” என்றேன்.

“பழகணும்” என்று சொல்லிவிட்டுத் தழை கட்டப் போய்விட்டார். மறுநாள் காலையில் வெயிலில் நின்று தலை உலர்த்தும்போது அவர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து போனார். கேட்டதற்கு ஆட்டைப் பார்க்க வந்தேன் என்றார். ஆடு பின்பக்கம் கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை கோயில் முன்னால் கொடைக்குப் பந்தல் கால் நாட்டினார்கள். மேற்கே இருந்து சாரல் அடித்தது. நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். சாரலுக்காகத்தான் துண்டைப் போட்டேன். சாரல் இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன், அதையும் மறைக்கவில்லை. பூசாரி செல்லப்பா என் வலது கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார். எங்கள் ஊரில் காப்புக் கட்டும்போது எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள், கயிறு இறுகுகிறதா, எத்தனை முடிச்சு என்று. தலையை யாரும் பார்க்கவில்லை. கட்டி முடித்துக் குலவை போட்டார்கள். சாரல் நின்றது. நானே துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

குலவை பாதியில் நின்றுபோனது. வீரபாண்டி முன்னால் வந்தார்.

“ஏட்டி சங்கரம்மா, இது என்ன கூத்து? இந்தத் தலையோட அம்மனுக்கு முளைப்பாரி தூக்குவியோ?” என்று கேட்டார்.

“இந்தத் தலையிலதான் அண்ணாச்சி தூக்கணும். வேற தலை எங்கிட்ட இல்ல” என்றேன்.

காப்பை அவிழ்த்து வேறு பெண்ணுக்குக் கட்டச் சொன்னார்கள். கட்டிய காப்பைக் கொடை முடியாமல் அவிழ்த்தால் ஊருக்கு ஆகாது என்று செல்லப்பா மறுத்தார். அப்படியானால் கறுப்பு டை வாங்கி வந்து இப்போதே அடித்துவிடுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார். அதற்குச் செல்லப்பா, “காப்புக் கட்டுன தலையில எண்ணெயே படக்கூடாதுங்கேன், டைய அடிக்கச் சொல்லுதிய!” என்று கோபப்பட்டார். காப்புக்கு முன்னால் முடிக்கு என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று எங்கள் ஊரில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இருந்திருந்தால் வீரபாண்டி முந்திய நாள் அடித்த மீசை டையும் தப்பாகியிருக்கும். அதையும் அங்கே வைத்தே சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நான் முளைப்பாரி அறைக்குள் போய் விதை தூவினேன். அன்றிலிருந்து பூவை என் கணவர்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனார். நான் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மட்டும் அறை வாசல்வரை வந்து பேசுவாள். நான்காம் நாள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இருட்டுல வளந்த முளையும் ஒன் முடியும் ஒரே நிறம்ட்டி” என்றாள். உண்மைதான், பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை என் மகன் மகாராஜா வந்தான். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறான், காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தான். மஸ்கட்டில் டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், அதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். என் போட்டோ அவன் நண்பர்களின் போனில் சுற்றியிருக்கிறது. உள்ளே வந்ததும் வராததுமாக, “எம்மா, யாரு செஞ்சது இத?” என்று கேட்டான்.

“நாந்தான்லே செஞ்சேன்” என்றேன்.

“நீ செய்ய மாட்ட. ஒனக்கு எதையோ குடுத்துருக்கா அந்தப் பார்லர்க்காரி” என்றான்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அவனைப் பெற்று வளர்த்தவளுக்கு ஓர் ஆசை இருக்கும் என்று நம்புவதைவிட, யாரோ மருந்து கொடுத்தார்கள் என்று நம்புவது அவனுக்கு எளிதாக இருந்தது. அவன் என்னை வைததுகூட எனக்கு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது. அதன் பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் எல்லைவரை ஓடினேன். காப்பு இருந்ததால் அதற்கு மேல் போகவில்லை.

பொழுது சாயத் திரும்பி வந்தான். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான், துணி நனைந்திருந்தது. துணியை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சதைக்குள் கண்ணாடிச் சில்லு ஒன்று இருந்தது. ஊக்கால் நெம்பி எடுத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான், சின்ன வயதில் முள் எடுக்கும்போதும் அப்படித்தான் பார்ப்பான்.

“பெரிய கண்ணாடிய ஒடச்சிட்டேன். கை கழுவுற பேசினையும்” என்றான்.

“அந்தப் பிள்ளைய அடிச்சியாலே?”

“அடிக்கல. தள்ளிவிட்டேன்.”

மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். சோறு போட்டு நானே ஊட்டினேன், வலது கையால் சாப்பிட முடியாது என்பதால். மேற்படி சில்லு, பின்பக்கம் வெள்ளிப்பூச்சு உள்ளது, தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

சனிக்கிழமை சுகிர்தா கடை உடைந்ததற்குப் புகார் கொடுத்திருக்கிறாள். யார் உடைத்தது என்று அதில் பெயர் இல்லை, ஹெல்மெட் போட்ட ஆள் என்று மட்டும் இருக்கிறதாம். அவளுக்கு மகாராஜாவை அடையாளம் தெரியுமா, தெரிந்தும் எனக்காகச் சொல்லாமல் விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கே வீரபாண்டி என் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து மேற்படி மயக்க மருந்துப் புகாரைக் கொடுத்துவிட்டார். நான் அறையில் முளைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன், என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பூ மார்க்கெட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். திங்கட்கிழமை சுகிர்தாவை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், வேதக்காரி சாமி காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று சிலர் கடைவீதியில் பேசுகிறார்கள் என்றும், கேஸ் ஆனால் அந்தப் பெண் இந்த ஊரில் கடை வைக்க முடியாது என்றும் சொன்னார்.

“நீ போனா காப்பு போயிரும். போகலன்னா அந்தப் பிள்ள போயிரும். நான் என்னத்தச் சொல்ல” என்றார்.

கொடை நாளைக்கு. காப்புக் கட்டியவள் எல்லை தாண்ட மாட்டாள் என்பது புகார் கொடுத்தவர்களுக்குத் தெரியும். அதைக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்களா என்று கேட்டால், எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

இன்று காலை முளைப்பாரிக்குக் கடைசியாகத் தண்ணீர் தெளித்தேன். ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, ஒரு சட்டிகூடக் கோணாமல் நின்றது. அறைச் சாவியை இசக்கியம்மாளிடம் கொடுத்து, முதல் சட்டியை நீ தூக்கு என்றேன். அவள் அழுதாள். அதன் பிறகு எல்லைக்கல் பக்கத்தில் உள்ள பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்லப்பா ஓடி வந்தார். தாண்டினால் காப்பு செல்லாது, செல்லாத காப்பைக் கையில் வைத்திருக்கக் கூடாது, கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது முறை.

“நாளைக்கு ஒருநா பொறுக்கக் கூடாதா சங்கரம்மா?” என்றார்.

“அந்தப் பிள்ளைய ஸ்டேஷன்ல ஒக்காத்தி வச்சிட்டு எனக்குக் குலவை வாயில வராது, அண்ணாச்சி” என்றேன்.

அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் நேரம் பிடித்தது. கையில் கயிறு இருந்த இடம் வெளுத்திருந்தது. வருத்தமாக இருந்ததா என்று காவலர் கேட்டார். இருந்தது. என் வீட்டுக்கு மறுபடி அந்த முறை வரும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ. அது என் வருத்தம், அதற்கு யார் மேலும் புகார் இல்லை.

இங்கே வந்தபோது வீரபாண்டியும் என் மகனும் வராந்தாவில் இருந்தார்கள். சுகிர்தா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்து எழுந்தாள், நான் உட்காரச் சொன்னேன். வீரபாண்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சுகிர்தா மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், முடி உன் விருப்பம் என்றே சொல்லிக்கொள், கண்ணாடியை யார் உடைத்தது என்று மட்டும் தெரியாது என்று சொல்லிவிடு, பையன் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை பாக்கி இருக்கிறது என்றார். “பெத்த தாய் பண்ணுத வேலையா இது?” என்றும் கேட்டார்.

என் மகன் அவர் பின்னால் நின்றான். “எம்மா, யாரோன்னு சொல்லும்மா” என்றான்.

“கை வலிக்கா மக்கா?” என்று கேட்டேன்.

“வலிக்கு.”

“கட்ட நனைக்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அவர் சொன்னபடி செய்தால் சுகிர்தா மேல் கேஸ் இல்லை, என் மகன் மேலும் கேஸ் இல்லை. எனக்கு அது விளங்காமல் இல்லை. மஸ்கட் வேலை போனால் அவன் என்னோடு எத்தனை நாள் பேச மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் யாரோ உடைத்தான் என்று எழுதினால், சுகிர்தா நாளைக்குக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு, ஹெல்மெட்டோடு படியேறுகிற ஒவ்வொருவனையும் பார்த்துப் பயப்பட வேண்டும். யாருக்குப் பயப்பட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அவனுக்கு வாய் இருக்கிறது. அவனுக்குப் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவள் நான்.

மகாராஜா என் மகன். சுகிர்தாவின் கடைக் கண்ணாடியை உடைத்ததும் மகாராஜா. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன், எழுதியிருப்பதை நானே வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை, ஒரு சொல்லும் குறைக்கப்படவில்லை. யாரும் மயக்காமல், யாரும் மிரட்டாமல், முழு நினைவோடு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) து. சங்கரம்மாள்

என் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.
(ஒப்பம்) அப்ரீன் பானு, பெண் தலைமைக் காவலர்